காலையில் வீட்டில் யார் இருப்பீர்கள்?

மாடியில் வெள்ளரி போட்டுத் தர வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், எத்தனை சதுர அடி, எந்தப் பக்கம் வெயில் என்பதையெல்லாம் பிறகுதான் கேட்பேன். முதலில் கேட்பது, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வீட்டில் யார் இருப்பீர்கள் என்று. சிலர் சிரிப்பார்கள். தோட்டம் போட வந்தவனுக்கு இந்த விவரம் எதற்கு என்று சிலருக்குச் சந்தேகமே வந்துவிடும். வேலை செய்கிற அம்மா வருவார் என்பார்கள். சனி, ஞாயிறு நாங்கள் இருப்போம் என்பார்கள். சனி, ஞாயிறு கவனிப்புக் கறிவேப்பிலைக்குப் போதும், கற்றாழைக்குத் தாராளம். வெள்ளரிக்குப் போதாது.

சென்னையில் மாடித்தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. பைகளையும் நார்க்கட்டிகளையும் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அவற்றை மாடிக்குத் தூக்க ஆள் தேவைப்பட்டது. அப்படித் தூக்கப் போனவன்தான் நான். தூக்கிக் கொடுத்த பிறகு, "இத எப்படிப் போடணும்னும் சொல்லிட்டுப் போயேன்" என்பார்கள். சொன்னேன். சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது.

எங்கள் ஊர் செய்யாற்றுக் கரை. ஆற்றில் தண்ணீர் வற்றியதும் அப்பா மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுப்பார். ஈரம் தட்டுப்படும் இடத்தில் ஒரு கூடை தொழு உரத்தைக் கொட்டி, குழிக்கு நாலைந்து வெள்ளரி விதை ஊன்றுவார். சுற்றிலும் வெறும் மணல், அதில் ஒரு சத்தும் கிடையாது. செடி பிழைப்பதெல்லாம் அந்த ஒரு கூடை எருவில்தான். பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டி, குடத்தில் மொண்டு குழி குழியாக ஊற்றுவது பிள்ளைகளான எங்கள் வேலை, அதுவும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். அதனால், "இவ்ளோ சின்னப் பையில வெள்ளரி வருமா தம்பி?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் யோசிப்பதே இல்லை. ஆற்றில் நாங்கள் வைத்ததும் தொட்டிச் செடிதான். தொட்டிக்குச் சுவர் மணலாக இருந்தது, அவ்வளவுதான். வெள்ளரியின் வேர் பெரும்பாலும் மேலாக ஓடுவது, ஒரு அடி ஆழத்துக்குள்ளேயே முக்கால்வாசி அடங்கிவிடும். இடம் கேட்பது கொடிதான். ஆற்றில் அதைப் படுக்க விட்டோம், மாடியில் நிற்க விடுகிறோம்.

பை 15-க்கு 15 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கலவை காய்ந்து, இலை துவண்டு தொங்கும். ஒரு பைக்கு இரண்டு செடி. மூன்றாவதைப் பிடுங்க மனம் வராத வீட்டில் மூன்றும் சவலையாகத்தான் நிற்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள். இதில் ரகசியம் எதுவும் இல்லை, எல்லோரும் சொல்வதுதான். நான் கறாராக இருப்பது நார்க்கழிவு விஷயத்தில். கட்டியை ஊறவைத்தால் உதிர்ந்து பல மடங்கு உப்பி வரும், வந்ததும் ஆசையோடு பையில் போட்டுவிடுவார்கள். தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. ஊறிய செந்தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிறம் வெளிறும் வரை அலச வேண்டும். காய்கறிப் பயிர்களில் வெள்ளரி உப்பைத் தாங்காத வகை. இலை ஓரம் தீய்ந்து காட்டிக்கொடுக்கும்.

நனைந்த பை 30 கிலோ வரை கனக்கும். தளத்தின் நடுவில் வரிசை கட்டாமல், கைப்பிடிச் சுவர் ஓரமாக, அடியில் செங்கல் கொடுத்து வைப்பேன். தண்ணீர் வடிந்து ஓடும், தளமும் காயும். நிழல்வலைக்குச் சட்டம் போட்டால் அதை வெறுமனே நிறுத்துவதில்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்து போன மறுநாள், மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியின் சட்டத்தை அடுத்த தெரு மரத்திலிருந்து இறக்கியவன் நான்.

கொடிக்குப் பந்தல் வேண்டாம், நேராக நிற்கும் வலை போதும். சுவரில் இரண்டு கம்பு, நடுவில் நைலான் வலை, ஆறடி உயரம். பால்கனிக் கம்பியே இருந்தால் வலைகூடத் தேவையில்லை. செடி வலையைப் பிடிப்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பற்றுக்கம்பி முதலில் நேராக நீண்டு, எதையோ தேடுவதுபோல் மெல்ல வட்டமடிக்கும். கயிறு தட்டுப்பட்டால் சில மணி நேரத்தில் முனை அதைச் சுற்றிக்கொள்ளும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஒரு முனை கயிற்றிலும் மறு முனை தண்டிலுமாகக் கட்டுப்பட்ட கம்பி, நடுவிலிருந்து சுருளத் தொடங்கும். ஒரு பாதி வலமாக, மறு பாதி இடமாக. திசை மாறுகிற இடத்தில் சுருளாத ஒரு சின்னத் துண்டு தெரியும். இரண்டு முனையும் அசையாமல் நிற்கும்போது அதற்கு வேறு வழி இல்லை. ஏறுகொடிகளைப் பற்றி டார்வின் எழுதிய நூலிலேயே இது வருகிறது. 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெள்ளரியின் பற்றுக்கம்பியையே எடுத்துச் சோதித்தார்கள். முற்றிய கம்பியை இழுத்தால் சுருள் பிரிவதற்குப் பதிலாக முதலில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறது என்று கண்டார்கள். மாடிக் காற்றில் கொடி ஆடினாலும் அறுபடாததற்குக் காரணம் இதுதான். ஆகவே கவலைப்பட்டுச் சணல் கயிற்றால் தண்டை வலையோடு இறுக்கிக் கட்டாதீர்கள். முதல் ஒரு வாரம் வழிகாட்டினால் போதும், பிறகு அது பார்த்துக்கொள்ளும்.

அடியிலிருந்து ஒன்றரை அடி வரை வரும் பக்கக் கிளைகளையும் பூக்களையும் நான் கிள்ளிவிடுவேன். காற்று ஓடவும், சக்தி மேலே போகவும். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

விதை ஊன்றி ஐந்தாறு வாரத்தில் போன் வரும். "பூவாப் பூக்குது தம்பி, ஒரு பிஞ்சுகூட நிக்கல. எல்லாம் கொட்டுது. ஏதாச்சும் மருந்து அடிக்கணுமா?" கூடவே வாட்ஸாப்பில் மஞ்சள் பூப் படம். பூவின் முகத்தைத்தான் எடுத்திருப்பார்கள். நான் கேட்பது முதுகை. பூவுக்குப் பின்னால் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. அது உதிரத்தான் உதிரும், உதிர்வது நோய் இல்லை. முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூக்களே கொத்தாக வரும். பிறகுதான் இலைக் கக்கத்தில் தனியாக ஒரு பெண் பூ வரும். அதன் அடியில், சுண்டுவிரல் நுனி அளவில், மேலெல்லாம் மெல்லிய முள்மயிரோடு, முழு வெள்ளரியின் உருவம் பூக்கும் முன்பே இருக்கும். வெயில் கடுமையானாலும், தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் பெண் பூ வருவது குறையும். இலை கரும்பச்சையாகத் தழைத்துக் காய் இல்லாத செடியைப் பார்த்தால், யார் வீட்டில் யூரியா இருக்கிறது என்று கேட்டுவிடலாம்.

பெண் பூ காலையில் விரியும். அன்று ஒரு நாள்தான் அதற்கு. அந்த ஒரு காலைக்குள் அதன் நடுவே உள்ள மூன்று மடல் சூல்முடி முழுவதும் மகரந்தம் படிய வேண்டும். தேனீ ஒரு தடவை வந்து போனால் போதாது, பல தடவை வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் அந்தப் பக்கத்து விதைகள் மட்டும் வளர்ந்து காய் வளைந்துவிடும், அல்லது ஒரு முனை பருத்து மறு முனை சூம்பிவிடும். வளைந்த காயைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று உரம் வைக்கிறார்கள். குறைந்தது பெரும்பாலும் தேனீதான். தி.நகர் போன்ற இடங்களில் மூன்றாவது மாடியில்கூடக் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் வரும், பக்கத்தில் துளசியோ துலுக்கச் சாமந்தியோ இருந்தால் நிச்சயம் வரும். வராத இடத்தில் நாம்தான் வர வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழித்தால் காய் நேராக வரும்.

நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். இந்தத் தடவல் வேலையை அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது வலை முழுக்கக் கலர் கலராக உல்லன் நூல் தொங்கியது. தான் தொட்ட பூவுக்கெல்லாம் அடையாளம் கட்டியிருந்தார்: ஏழு மணிக்குள் தொட்டதற்குச் சிவப்பு, எட்டுக்குள் என்றால் பச்சை, ஒன்பது தாண்டியதற்கு நீலம். "நீலம் ஒண்ணும் நிக்கல தம்பி" என்றார். நான் வருஷக் கணக்கில் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் நூலால் காட்டிவிட்டார். இப்போதெல்லாம் புது வீடுகளில் நான் சொல்வது அந்த நூல் கணக்கைத்தான்.

பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை அடிக்கலாம் என்று படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. இரண்டு இலைப் பருவத்திலிருந்து மிக நுண்ணிய அளவில் வாரம் ஒரு முறை நான்கு தடவை என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. வயலுக்கு அது சரி. நான்கு பைச் செடிக்கு அந்த நுண்ணளவை அளந்து கலக்க வீட்டில் கருவியும் இல்லை, அவசியமும் இல்லை. நான் அதை மாடிப்படி ஏற்றுவதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில் பத்துப் பன்னிரண்டாம் மாடிப் பால்கனி கேட்பவர்களுக்கு வேறு விதை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் கலப்பின வகை இருக்கிறது, பசுமைக்குடில்காரர்கள் போடுவது. கணுவுக்குக் கணு பெண் பூவாகவே வரும், காயில் விதை இருக்காது, தோலும் மெலிசு. விதை ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் கணக்கில் விலை. அதைத் தேனீ புழங்கும் மொட்டை மாடியில் நாட்டு வெள்ளரிக்குப் பக்கத்தில் போட்டால், வேண்டாத மகரந்தம் பட்டு விதை பிடித்துக் காய் கோணும். ருசியில் நாட்டு வெள்ளரிக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி. பஸ் நிலையத்தில் கீறி மிளகாய்ப்பொடி உப்புத் தடவித் தரும் பிஞ்சைத் தின்று வளர்ந்தவன் வேறு எப்படிச் சொல்வேன். குமரி மாவட்ட நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த கோ 1 ரகமும் நன்றாக வரும். காய் இரண்டடி நீளம் தொங்கும், வலை திடமாக இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். கோடையில் ஒரு பைக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆகும். அதை ஒரே வேளையில் கொட்டாமல் காலையும் மாலையுமாகப் பிரிக்க வேண்டும், பெரும்பங்கு காலையில். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டபோது இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. குடிக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்ல நாக்கு எழுமா? அரிசி கழுவியதை, காய்கறி அலசியதை ஊற்றிச் சமாளித்தார்கள். சிலர் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரில் உப்புத் திரண்டிருக்கும். கீரை கொஞ்சம் பொறுத்துக்கொண்டது, வெள்ளரி பொறுக்கவில்லை. அந்த வருஷம் காய்த்த கொஞ்சமும் கசந்தது.

கசப்பைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு கருத்து இருக்கிறது. பாகற்கொடிக்குப் பக்கத்தில் வைத்ததால் கசக்கிறது என்பது அதில் முதன்மையானது. பாகல் வேறு பேரினம், வெள்ளரியோடு கலக்கவே கலக்காது. கலக்கக்கூடிய இன்னொரு வெள்ளரி ரகத்தின் மகரந்தமே பட்டாலும், மாற்றம் அந்த விதையை முளைக்க வைத்தால்தான் தெரியும். இந்தக் காயின் சதை மாறாது. கசப்பு வெள்ளரியின் சொந்தச் சொத்து. குக்கர்பிடாசின் என்ற பொருள் அது, பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகச் செடி வைத்திருக்கும் காவல். இமயமலை அடிவாரத்தில் வளரும் காட்டு வெள்ளரி இன்றும் கடும் கசப்பு. மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் காயில் அதை அடக்கியிருக்கிறான். எந்த மரபணுக்கள் மூலம் அது அடங்கியது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2014இல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள். வெயிலும் தாகமும் சேர்ந்தால் அடங்கியது மறுபடி தலைதூக்கும். ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் விடுகிற வீட்டுக் காய்தான் அதிகம் கசக்கிறது. நுனியை வெட்டி நுரை வரத் தேய்க்கும் வழக்கம் இருக்கிறதே, தேய்த்தும் தேய்க்காமலும் தின்று பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் கூடுதல். ஆகவே அந்தப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிவது வீண் போகாது.

பூச்சிகளில் பழ ஈ ஒன்றுதான் என்னைத் தோற்கடித்திருக்கிறது. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஒரு புள்ளியும் சொட்டுப் பிசினும்தான் தெரியும், வெட்டினால் உள்ளே புழு நெளியும். க்யூ லூர் கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களைப் பிடிக்கும். பக்கத்து மாடியில் சுரையோ பீர்க்கையோ இருந்தால் அது மட்டும் போதாது. காய் நின்றது உறுதியானதும் மெல்லிய துணிப் பையைப் பிஞ்சுக்கு மாட்டிவிடுங்கள். அணிலுக்கும் அதே மருந்து. இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கியிருந்தால் அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். சாம்பல் நோய் வந்தால் கந்தகத் தூளைத் தேடி ஓடுவார்கள். வெள்ளரி வகைகளுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது, இலை கருகும். பத்தில் ஒரு பங்கு பால் கலந்த தண்ணீரை ஆரம்பத்திலேயே தெளித்தால் ஓரளவு அடங்கும். பிரேசிலில் சீமைச் சுரைக்காயில் இதைச் சோதித்து 1999இலேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் புளித்த மோர் அடிப்பது அதற்கும் முந்தியது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது என் தொழில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் விதை எங்கே கிடைக்கும் என்று போன் மேல் போன். அதுவரை இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்தக் கோடையில் வெள்ளரி காய்த்துத் தள்ளியது. மண் மாறவில்லை, உரம் மாறவில்லை, நான் நேரில் போகவும் இல்லை. ஆட்கள் காலையில் வீட்டில் இருந்தார்கள். அலுவலகங்கள் திறந்த பிறகு அதே வீடுகளிலிருந்து, "இந்தத் தடவை விதை சரியில்லை போல" என்று படம் வந்தது. விதை அதே விதைதான். காலையில் எட்டு மணிக்குப் பூட்டும் வீடு என்றால் நான் கொத்தவரை போட்டுக் கொடுக்கிறேன். அதற்குத் தேனீயும் வேண்டாம், தடவலும் வேண்டாம்.

மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்காதீர்கள். பை, நார், உரம், வலை எல்லாம் கூட்டினால் முதல் வருஷக் காய் கடைக் காயைவிட விலை கூடுதல்தான். பறித்த பத்தாவது நிமிடம் தட்டுக்கு வரும் பிஞ்சுக்காகப் போடுகிற பயிர் இது. அதனால் பிஞ்சாகவே பறியுங்கள், ஒன்று விட்டு ஒரு நாள் கட்டாயம். ஆசைக்கு ஒரு காயைப் பழுக்க விட்டால், வந்த வேலை முடிந்தது என்று செடி அடுத்த பூவை நிறுத்திக்கொள்ளும். விதைக்குக் காய் வேண்டுமானால் கடைசிப் பறிப்பில் விடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்துப் பை வாங்க வேண்டாம். இரண்டு பை போதும், மூன்று வாரம் கழித்து இன்னும் இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் போடாதீர்கள், அடிச்சாம்பல் நோய் கொண்டுபோய்விடும். தை பிறந்ததும் ஊன்றினால் மாசி முடிவதற்குள் முதல் பிஞ்சு கிடைக்கும், கத்திரி வெயில் வருவதற்குள் பறிப்பும் முடிந்துவிடும்.